ஆறா, எட்டா

நான் வரைந்த எழுத்தை முதன்முதலாகத் தெருவில் பார்த்த அன்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது பயம். ஆலங்குடி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மருந்துக்கடையின் பக்கச் சுவரில் கட்டியிருந்த ஃபிளெக்ஸ் அது. மேலே ஒரு முழ உயரத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. கீழே வெள்ளைச் சட்டை போட்ட, நான் அறியாத ஒருவர். அந்த 'ண'வின் சுழிகளை மூன்று வாரம் உட்கார்ந்து சரிசெய்தவள் நான். யாரோ ஒருவர் செத்துப்போனதை ஊருக்கு என் கையாலேயே எழுதிவைத்ததுபோல இருந்தது. வாங்க வந்த சாமானை வாங்காமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

சென்னையில் எழுத்துரு செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் எனக்கு வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம் என்று ஆனபிறகு ஆலங்குடிக்கு, அம்மாவிடமே வந்துவிட்டேன். என் வேலை என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்லி விளங்கவைப்பது சிரமம். கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்யும்போது ஃபாண்ட் என்று ஒரு பட்டியல் விரியுமே, அதில் ஒன்றை உண்டாக்குவது. ஒவ்வோர் எழுத்தையும் எண்ணையும் புள்ளியையும் தனித்தனியாக வரைந்து, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று வந்தால் இடிக்காமல் இருக்கிறதா என்று பார்ப்பது. என் அம்மா தன் சிநேகிதிகளிடம், "எம்மக எழுத்து வரையுது" என்று மட்டும் சொல்வாள். அதுவே சரியான விளக்கம்.

நிறுவனத்துக்குச் செய்தவை போக, எனக்கென்று ஒன்று செய்தேன். ஸ்கேலும் காம்பஸும் மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் தடிமனான தமிழ் எழுதினால் எப்படி இருக்கும் என்பதுதான் யோசனை. 'ட' ஒரு மூலை. 'ப' மூன்று பலகை. 'ம'வின் வலப்பக்கம் முழு வட்டத்தில் பாதி. எந்த இடத்திலும் கோடு மெலிவதோ இழுபடுவதோ கிடையாது. ஆரம்பத்தில் என்ன தடிமனோ முடிவிலும் அதேதான். தூரத்திலிருந்து பார்த்தாலும் கண்ணில் அடிக்க வேண்டும் என்று தடிமனைக் கூட்டிக்கொண்டே போனேன். கூட்டக் கூட்ட எழுத்துக்குள் இருக்கும் வெள்ளை இடம் சுருங்கும். 'ஞ', 'ணு' எல்லாம் அடைத்துக்கொண்டு கறுப்புக் கட்டியாக ஆகிவிடும். அந்த உள்வெள்ளையைக் காப்பாற்றுவதில்தான் ஒன்றரை வருடம் போனது.

எண்களில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. 6, 8, 9 மூன்றுக்கும் ஒரே வட்டம். வட்டத்தின் இடத்தோளிலிருந்து மேலே ஒரு கோடு போனால் 6. அதைத் தலைகீழாகத் திருப்பினால் 9. வட்டத்தின் மேல் கொஞ்சம் சிறிய வட்டம் ஒன்றை உட்காரவைத்தால் 8. அச்சில் எடுத்துப் பார்த்தபோது 8 மட்டும் மூச்சு முட்டுவதுபோலத் தெரிந்ததால், அதன் கீழ்வட்டத்துக்குள் இருந்த வெள்ளையை மயிரிழை அளவு தட்டையாக்கினேன். வெளிவட்டத்தைத் தொடவில்லை. தொட மனம் வரவில்லை. மூன்றும் ஒரே அச்சில் வார்த்ததுபோல அவ்வளவு ஒழுங்காக இருந்தன.

அதை இணையத்தில் இலவசமாகப் போட்டேன். ஆறு மாதத்துக்குள் மாவட்டம் முழுக்கப் பரவிவிட்டது. போர்வெல் லாரி, டியூஷன் சென்டர், பிராய்லர் கடை, காதணி விழா, ஜல்லிக்கட்டு அழைப்பு. பார்க்கும் ஒவ்வொரு தடவையும், எழுத்தைப் பார்க்கும் முன்னால், இதை வைத்து என்ன எழுதியிருக்கிறார்களோ என்ற பதைப்புதான் முதலில் வரும். ஒரு தடவை, உயர் மின்னழுத்தம், தொடாதே என்று என் எழுத்தில் இருந்தது. அந்தக் கம்பத்தைச் சுற்றி மழைத்தண்ணீர் நின்றிருந்தது. அதைப் படித்துவிட்டு யாராவது சரியாக விலகிப்போவார்களா, 'தொ' சரியாகத் தெரிகிறதா என்று நான் கால்மணி நேரம் அங்கேயே நின்றேன். நான் அப்படிப்பட்டவள். அடுப்பை அணைத்தோமா என்று மூன்று தடவை பார்ப்பவள். ஒரு பயந்தாங்கொள்ளி ஊருக்கெல்லாம் பயன்படும் ஒரு பொருளைச் செய்துவைக்கக் கூடாது என்று அப்போதே தோன்றியது.

கோட்டைப்பட்டினத்தில் எனக்கு ஒரு தோழி உண்டு. புதுக்கோட்டைக் கல்லூரியில் மூன்று வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். கடலோரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அவளுடைய கணவர் விசைப்படகு வைத்திருந்தார். படகுகளின் பதிவு எண்ணைத் தூரத்திலிருந்து படிக்கிற மாதிரி பெரிதாக எழுதவேண்டும் என்று ஒரு வருடம் மீன்துறையில் எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள். அவள் போன் செய்தாள்.

"ஒன்னோட எழுத்து எங்க பாத்தாலும் இருக்கு. நம்பர மட்டும் எங்களுக்கு அனுப்பி விடேன். மச்சான் போட்டுல நீ எழுதுனதா இருக்கட்டும்."

அனுப்பினேன். மீமிசலில் ஒரு ஸ்டிக்கர் கடையில் எண்களை அட்டையில் வெட்டிக் கொடுத்தார்கள். அதை வைத்துப் பெயின்டர் ஒருவர் அவளுடைய கணவரின் படகில் அடித்தார். அது நன்றாக இருக்கிறது என்று பக்கத்துப் படகுக்காரர்களும் கேட்க, இருபது படகுக்கு மேல் அதே அட்டையில் அடித்துவிட்டார்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். படகுத்துறையில் வரிசையாகக் கட்டியிருந்த படகுகளின் கேபின் பக்கவாட்டில், வெள்ளை மேல் கறுப்பாக என் எண்கள். அவள் கணவருடைய படகின் கடைசி மூன்று எண்கள் 636. நான்கு படகு தள்ளி 638. அந்த ஒரு நாள் மட்டும் எனக்குப் பயம் வரவில்லை. கடல் அன்றைக்குக் குளம் மாதிரி கிடந்தது.

அதற்கு அடுத்த வருடம், கார்த்திகை முடிகிற சமயம். காலை ஒன்பது மணி இருக்கும். வேலைக்கு உட்கார்ந்திருந்தேன். அம்மா கூடத்தில் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். தோழியிடமிருந்து போன்.

"போட்டோ அனுப்பியிருக்கேன், பாத்தியா?"

"இல்லடி. என்ன?"

"பாரு. மொதல்ல பாரு."

அவளுடைய குரல் எனக்குத் தெரியாத ஒருத்தியின் குரல்போல இருந்தது. என்ன நடந்தது என்று அவள் சொன்னது துண்டு துண்டாகத்தான் வந்தது. முந்தின நாள் காலை மீன்துறையில் டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போன படகுகள், விடிகாலையில் திரும்பியிருக்க வேண்டும். விடிவதற்கு முன்னால் வாடைக்காற்று எழும்பிவிட்டது. ஏழு மணிக்குள் எல்லாப் படகும் வந்து சேர்ந்தன, இரண்டைத் தவிர. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டுமே பேசவில்லை. கடைசியாக வந்த ஒரு படகுக்காரர் வழியில் ஒரு படகு சாய்ந்து முழுகிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். அலையில் கிட்டே போக முடியாமல், தூரத்திலிருந்து போனில் ஒரு படம் எடுத்திருக்கிறார். பக்கத்தில் ஆள் யாரும் கண்ணுக்குத் தெரியவில்லையாம்.

"வராத போட்டு எது எது?" என்று கேட்டேன்.

"எங்களுதும், முப்பத்தெட்டும்."

படத்தைத் திறந்தேன். சாம்பல் நிறக் கடல். ஒரு படகு இடப்பக்கமாகச் சரிந்து, பின்பகுதி தண்ணீருக்குள் போயிருந்தது. கேபின் பக்கவாட்டு மட்டும் மேலே தெரிந்தது. அதில் 6, அடுத்து 3. மூன்றாவது எண்ணின் மேல்பாதியை ஒரு நீலத் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. கீழே ஒரு வட்டம் மட்டும் தெரிந்தது. கறுப்பு வட்டம், உள்ளே வெள்ளை.

"நீ வரஞ்சதுதான. ஒனக்குத் தெரியும்ல. இங்க ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஆறா, எட்டா, சொல்லு."

பார்த்தேன் என்று சொல்வதுகூடப் பொய். ஐந்து விநாடி இருக்கும். அந்த ஐந்து விநாடியும் நான் படத்தைப் பார்க்கவில்லை, அவளுடைய மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எட்டு மாதிரிதான் இருக்கு," என்றேன்.

அந்தப் பக்கம் அவள் 'அல்லா' என்று ஒரு மூச்சு விட்டாள். உடனே அவளுக்குப் பின்னால் இன்னொரு சத்தம் கேட்டது. ஒரு பெண்ணின் சத்தம். அழுகை என்று அதைச் சொல்ல முடியாது. மாவரைக்கும் கல்லில் எதையோ வைத்து இழுத்ததுபோல ஒரு சத்தம். அப்புறம் நிறையப் பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். போன் அணைந்தது.

அவள் போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தாள். முப்பத்தெட்டாம் படகுக்காரரின் மனைவி அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

நான் எழுந்து, தண்ணீர் குடிக்கப் போய், குடிக்காமல் திரும்பி வந்தேன். படத்தைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பிப் பெரிதாக்கினேன். பக்கத்தில் என் எழுத்துருவைத் திறந்தேன். முதலில் இருந்த 6 முழுதாகத் தெரிந்தது. அதன் உள்வெள்ளையின் மேல் ஒரு கோடு வரைந்து எடுத்தேன். படகு எவ்வளவு சாய்ந்திருந்ததோ அவ்வளவுக்கு அதுவும் சாய்ந்திருந்தது. அந்தக் கோட்டை அப்படியே நகர்த்திக் கொண்டுபோய், தார்ப்பாய்க்குக் கீழே தெரிந்த வட்டத்தின் மேல் வைத்தேன். எட்டாக இருந்தால், நான் தட்டையாக்கிய அந்த மயிரிழை, மேலே கொஞ்சம் இடைவெளி விட்டிருக்க வேண்டும்.

இடைவெளி இல்லை. தைத்ததுபோல உட்கார்ந்தது.

மறுபடியும் செய்தேன். படம் மங்கல்தான், ஓரங்கள் கலங்கித்தான் இருந்தன. மூன்றாவது தடவை வேறு மாதிரி, 8-ஐ எடுத்து அதன் மேல் வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. ஆறுதான்.

ஒரு நிமிடத்தில் நான் இரண்டு காரியம் செய்திருந்தேன். செத்திருக்காத ஒருவரை அவருடைய மனைவிக்குச் சாகடித்திருந்தேன். என் தோழியை, அவள் வீட்டு ஆண்பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று நம்பவைத்திருந்தேன். அவளுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. நான்கு தடவை செய்தேன்.

"என்ன ஆத்தா, மொகமெல்லாம் வேர்க்குது?" என்று அம்மா கேட்டாள்.

சொன்னேன். அம்மா கடலைத் தட்டைக் கீழே வைத்தாள்.

"போன்ல சொல்லாத. இத நேர்ல போயிச் சொல்லு," என்றாள். "நானும் வாரேன்."

"வேணாம்மா. நான் போறேன்."

அறந்தாங்கி வரைக்கும் ஒரு பேருந்து, அங்கிருந்து கோட்டைப்பட்டினத்துக்கு இன்னொன்று. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்காராமலே இருந்திருக்கலாம். வழி முழுக்க என் எழுத்து. தென்னந்தோப்புச் சுவரில் உர விளம்பரம், ஒரு கல்யாண மண்டபம், பள்ளிக்கூட வேன். எந்தப் பலகையைப் பார்த்தாலும் அதில் 6 இருக்கிறதா, 8 இருக்கிறதா என்றுதான் கண் போனது. ஒரு டாக்டர் வீட்டுப் பலகையில் போன் நம்பர். வண்டி ஓடும் வேகத்தில் அதன் கடைசி எண் ஆறா எட்டா என்று எனக்கே தெரியவில்லை. வரைந்தவளுக்கே தெரியவில்லை என்றால் வலியோடு ஓடிவரும் ஒருவருக்கு எப்படித் தெரியும்? ஒரு கர்வத்துக்காக இத்தனை பேரை இப்படி நிறுத்திவைத்திருக்கிறேனே என்று நினைத்துக்கொண்டே போனேன். ஆலமரத்தடி நிறுத்தம் ஒன்றில் இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

இரண்டாவது பேருந்தில் இருக்கும்போது தோழியே கூப்பிட்டாள்.

"பள்ளிவாசல்ல துவா செஞ்சாங்க," என்றாள். குரல் தெளிந்திருந்தது. "எங்க போட்டு எங்கயாச்சும் ஒதுங்கியிருக்கும்னு சொல்றாங்க. ஆனா பாவம் அந்தக்கா. வீட்டுக்காரரும் கூடப்பொறந்த தம்பியும் ஒரே போட்டுல. என் மடியிலதான் படுத்துருக்கு. நான் என்ன சொல்லித் தேத்துவேன், சொல்லு."

"நான் வந்துக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றேன். சொல்ல வேண்டியதை இரண்டாவது தடவையும் சொல்லாமல் விட்டேன்.

பன்னிரண்டரைக்கு இறங்கினேன். படகுத்துறைக்குப் பக்கத்தில், ஏலம் போடும் கொட்டகையில் கூட்டமாக இருந்தது. காற்று இன்னும் நிற்கவில்லை. கட்டியிருந்த படகுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் என் எண்கள் ஏறி இறங்கின. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தேன்.

தோழி சிமென்ட் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் ஒரு பெண், எங்களைவிடப் பத்து வயது கூட இருக்கும், கண்ணைத் திறந்தபடியே படுத்திருந்தார். நெற்றிப் பொட்டைத் தானே அழித்திருந்தார். அந்தச் சிவப்பு விரலில் ஒட்டியிருந்தது. அவர்களுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்தேன்.

"இவதான்க்கா," என்றாள் தோழி. "இவதான் அந்த எழுத்து."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். "நல்லாப் பாத்தியாம்மா?" என்று கேட்டார். அவ்வளவு மெதுவாக.

"பாக்கலக்கா," என்றேன். "அப்பப் பாக்காமச் சொல்லிட்டேன். பெறகுதான் அளந்து பாத்தேன். அது எட்டு இல்ல."

தோழியின் முகத்தை நான் பார்க்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து, எப்படி அளந்தேன் என்று காட்டத் தொடங்கினேன். பாதியில், அதை யாரும் கேட்கவில்லை என்று தெரிந்தது. மூடிவிட்டேன்.

"அப்ப எங்களுதா?" என்றாள் தோழி.

"படம் மங்கல்டி. நூத்துக்கு நூறு சொல்ல முடியாது. ஆனா ஆறுதான்னு நெனைக்கிறேன்."

"நீதான எட்டுன்ன?"

"நீ கேக்க ஆசப்பட்ட மாதிரி சொல்லிட்டேன். பயந்து சொல்லிட்டேன்."

என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவள் முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்தாள். மடியில் படுத்திருந்த பெண் எழுந்து உட்கார்ந்தார். அவருக்கு உயிர் திரும்பி வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் முகத்தில் சந்தோஷம் எதுவும் இல்லை. என் தோழியின் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். மூன்றரை மணி நேரமாக இவள் அவருக்குச் செய்துகொண்டிருந்ததை இப்போது அவர் இவளுக்குச் செய்தார்.

கூட்டத்திலிருந்து ஒரு ஆள் என்னைப் பார்த்து, "ஏம்மா, எழுத்த வச்சு உசிரச் சொல்லலாமா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "படிச்சவங்க நீங்களே இப்படிப் பண்ணா எப்படி."

என்னால் எழுந்து போக முடியவில்லை. அந்தக் கொட்டகைத் தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். மீன் கழுவிய தண்ணீர் சேலை ஓரத்தை நனைத்தது. மூன்று படகுகள் தேடப் போயிருப்பதாகச் சொன்னார்கள். வெயில் வந்து மறைந்து மறுபடி வந்தது. ஒவ்வொரு தடவை யாருடைய போனாவது அடிக்கும்போதும் எல்லோரும் அதை எடுத்தவரின் முகத்தைப் பார்த்தோம். நான் என்ன வேண்டிக்கொள்வது என்றே எனக்குத் தெரியவில்லை. ஆறு இல்லை என்று வேண்டினால் இந்தப் பெண்ணைக் குத்துகிறேன். ஆறுதான் என்று வேண்டினால் என் தோழியை. கடைசியில், நான் வரைந்த அத்தனையும் தப்பாக இருக்கட்டும், அந்தப் படகு வேறு எந்த ஊர்ப் படகாகவாவது இருக்கட்டும் என்று வேண்டினேன். அந்த வேறு ஊரிலும் இரண்டு பேர் இப்படி உட்கார்ந்திருப்பார்களே என்று நினைத்ததும் அதையும் நிறுத்திவிட்டேன்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால், தேடப்போன படகு ஒன்றிலிருந்து வயர்லெஸ்ஸில் பேசினார்கள். பேச்சைக் கேட்டவர் கொட்டகைக்கு ஓடி வந்தார். மூச்சு வாங்கியதில் முதலில் அவர் சொன்னது யாருக்கும் புரியவில்லை.

"ஒம்பது பேரு," என்றார். "ஒம்பது பேரும் இருக்காங்க. முப்பத்தெட்டுலதான் இருக்காங்க. கட்டி இழுத்துக்கிட்டு வாராங்க."

636-இல் போனவர்கள் ஐந்து பேர். 638-இல் நான்கு பேர்.

நடந்தது இதுதான். இருட்டில் அலை அடித்து என் தோழியின் கணவருடைய படகில் பலகை விட்டுப்போய்த் தண்ணீர் ஏறியிருக்கிறது. அருகில் இருந்த 638 தன் வலையை அறுத்து விட்டுவிட்டு வந்து, ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டது. முழுகும் படகின் வலை 638-இன் புரொப்பல்லரில் சுற்றி எஞ்சின் நின்றுவிட்டது. உள்ளே அடித்த தண்ணீரில் வயர்லெஸ்ஸும் செத்துப்போனது. போனுக்கு டவர் எட்டாத இடம். காற்று தள்ளிய பக்கமெல்லாம் போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள். நாங்கள் கரையில் ஆறா எட்டா என்று இரண்டு வீட்டையும் எதிரெதிராக நிறுத்திவைத்திருந்த அத்தனை நேரமும், ஒன்பது பேரும் ஒரே படகில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஐந்தரைக்கு அவர்கள் வந்து இறங்கினார்கள். தோழியின் கணவருக்கு வலது கை துணியில் சுற்றியிருந்தது. ஒரு படகிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது இரண்டுக்கும் நடுவில் கை மாட்டிக்கொண்டதாம். அவரை ஆட்டோவில் ஏற்றினார்கள். தோழி அவரோடு ஏறினாள். என்னைப் பார்க்கவில்லை. பார்க்க நேரமும் இல்லை.

முப்பத்தெட்டாம் படகுக்காரரின் மனைவி தன் கணவரிடமும் தம்பியிடமும் பேசிவிட்டு, நான் நின்ற பக்கம் வந்தார். ஓடிவிடலாமா என்று இருந்தது.

"நீ அங்கிட்டே இருந்துருக்கலாம்," என்றார். "வந்து சொன்ன பாரு. அதுக்காகத்தான் ஒன்ன ஒண்ணும் சொல்லல."

"மன்னிச்சிருங்கக்கா."

"மன்னிப்பெல்லாம் ஒரு நாள்ல வராதும்மா. அந்த மூணு மணி நேரம் எனக்குத்தான் தெரியும்." பிறகு, "சாப்புட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டார். அவர் எதிரில் உட்கார்ந்து அந்தச் சோற்றை விழுங்கியது, அன்றைக்கு நான் செய்ததிலேயே கஷ்டமான காரியம்.

ஊருக்கு வந்து ஒரு வாரம் நான் வேலை செய்யவில்லை. அப்புறம் எழுத்துருவைத் திறந்து, 6, 8, 9 மூன்றையும் அழித்தேன். புதிதாக வரைந்த 6-க்கு வயிறு பெரிது, கோடு வெளியே நன்றாகச் சாய்ந்து போகும். 8-க்கு இடுப்பை உள்ளே ஒடுக்கி, கீழ்வட்டத்தை அகலமாக்கினேன். 9 தலைகீழ் 6 அல்ல, வேறு எண். ஒவ்வொன்றையும் அச்செடுத்து, மேல்பாதியை, கீழ்ப்பாதியை, இடப்பக்கத்தை வெள்ளைத் தாளால் மூடி, அம்மாவைக் கூடத்தின் அந்தக் கோடியில் நிறுத்திக் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொல் என்றேன். அம்மா எட்டு என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஆறு என்று சொன்னால் திரும்பப் போய் வரைந்தேன். இப்படி இரண்டு மாதம். பழைய அழகு போய்விட்டது. நிறுவனத்தில் என்னோடு வேலை செய்கிறவர், இவை ஒரே குடும்பத்து எண்கள் மாதிரி இல்லையே என்றார். இல்லைதான் என்றேன்.

கோட்டைப்பட்டினத்துக்குப் புது எண்களை அனுப்பினேன். அனுப்புவதற்கு முன்னால் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். பெயின்டர் எல்லாப் படகிலும் மாற்றி அடித்தார். ஆனால் பழைய எழுத்துருவை இறக்கிக்கொண்டவர்களிடமிருந்து அதைத் திரும்ப வாங்க எனக்கு வழியில்லை. புதியதைப் போட்ட இடத்தில், பழையதைப் பயன்படுத்தாதீர்கள், 6-உம் 8-உம் குழம்பும் என்று எழுதிவைத்தேன். யார் படிக்கப்போகிறார்கள்? எந்த மருந்துச் சீட்டில், எந்தக் கதவில், எந்தத் தொட்டியின் மேல் அது இருக்கிறதோ. கடைத்தெருவில் கண்ணில் படும்போது உள்ளே போய், மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். பெரும்பாலானவர்கள் நான் எதையோ விற்க வந்தவள் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

தோழி நான்கு மாதம் பேசவில்லை. ரமலான் நோன்பு சமயத்தில் அவளாகவே கூப்பிட்டாள். கணவருக்கு இரண்டு விரல் மடங்குவதில்லை என்றாள். படகு போனது போனதுதான். இப்போது 638-இல் அவரும் தொழிலுக்குப் போகிறார்.

"பயமா இல்லையாடி?" என்று கேட்டேன்.

"இருக்கு. அந்தக்காவும் நானும் இப்ப ஒரே போட்டுக்குத்தான் காத்துக்கெடக்கோம். வராம இருந்தா ரெண்டு பேருமா சேந்து பயந்துக்குவோம்." கொஞ்சம் சிரித்தாள். "ஒன்னயக் கூப்புட மாட்டேன், பயப்படாத."

கூப்பிட மாட்டேன் என்று அவள் சொன்னது எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இப்போதெல்லாம் ஆலங்குடியில் தென்னை ஓலை கொஞ்சம் வேகமாக ஆடினால் நானேதான் அவளைக் கூப்பிடுகிறேன். அவள் எடுக்கும் வரைக்கும் மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.